ஹலோ, கோவில்பட்டி

ஜூன் 3, திங்கள்

சுகந்தி நினைத்ததைச் சாதித்துவிட்டாள். ஜூலை இரண்டாம் தேதி சென்னை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து என் செல்போனுக்கு அனுப்பியிருக்கிறாள். போவதற்கு மட்டும்தான். திரும்பி வருவதற்கு இல்லை.

"அம்மா, உனக்கு ரூம் ரெடி. ஏசி மாட்டியாச்சு. அங்க ஒத்தையில உக்காந்து என்ன பண்ணப் போறே?" என்கிறாள். அவள் அப்பா போனதிலிருந்து இதே பாட்டுதான். பெற்ற மகளிடம் எத்தனை தடவை முரண்டு பிடிப்பது? சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டை வாடகைக்குக் கேட்டு பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் குடிவருவதற்குள் சாமான்களை ஒழிக்க வேண்டும். அலமாரியைத் துடைத்தபோது இந்த டைரி கிடைத்தது. நகைக்கடையில் கொடுத்தது, ஓர் எழுத்துகூடப் படாமல் இருக்கிறது. பேச ஆளில்லாத வீட்டில் இதிலாவது பேசலாம்.

போனை வைக்கும் முன் சுகந்தி, "அந்த லேண்ட்லைனையும் சரண்டர் பண்ணிரும்மா. யாரு கூப்பிடுதா அதுல?" என்றாள். மாதக் கடைசி வரை பணம் கட்டிவிட்டேன், இருக்கட்டும் என்றேன். கட்டவில்லை. நாளைக்குப் போய்க் கட்ட வேண்டும்.

ஜூன் 5, புதன்

காலையில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலேஜில் சரித்திரம் நடத்தும் டீச்சராம், மெஹர்பானு என்று பெயர். பழைய தாலுகா ஆபீஸ் கட்டடத்தைப் பூசி வெள்ளையடித்து ஊருக்கு ஒரு மியூசியம் வைக்கிறார்களாம். தெருத் தெருவாகப் போய்ச் சாமான் கேட்கிறாள். நல்ல சுறுசுறுப்பு. வேர்த்து விறுவிறுத்து வந்தவளுக்கு மோர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள்.

"ராஜா ராணி சாமான் எல்லாம் வேண்டாம்மா. நம்ம ஊர் ஆளுங்க பொழங்கினது. அதுதான் எனக்கு வேணும்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. சுகந்தி அப்பா மில்லில் கணக்கு எழுதியபோது சட்டையில் குத்திய பித்தளை டோக்கன், டைனமோ வைத்த சைக்கிள் லைட்டு, என் மாமியார் அரப்புத் தூள் வைத்திருந்த மரப்பெட்டி, எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்கக் கை லேசானது. அவர் இருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நல்ல மனுஷன். வீட்டில் பேச்சு மட்டும் கம்மி. என்னோடு இருந்த காலம் முழுக்க அவர் பேசியதை ஒரு பொழுதில் சொல்லி முடித்துவிடலாம்.

கிளம்பும்போது டீச்சர் கேட்டாள்: "நீங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தீங்களாமே, எதிர்வீட்டுல சொன்னாங்க. அங்க உள்ள சாமான் எதுவும் இருக்காம்மா?"

"இல்லை" என்று வாய் முந்திக்கொண்டது.

ஜூன் 6, வியாழன்

ஏன் இல்லை என்றேன்? ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

ஜூன் 8, சனி

பீரோவைத் திறந்து, கூரைப்புடவைக்கு அடியில் இருந்ததை எடுத்தேன். ஹெட்செட். தலையில் மாட்டும் வளையம், ஒரு காதுக்கு மட்டும் குமிழ், நெஞ்சில் தொங்கும் தகடு, அதிலிருந்து வாய்க்கு நேரே வளைந்து வரும் கொம்பு. எக்ஸ்சேஞ்சை ஆட்டோமேட்டிக் ஆக்கியபோது பழையதையெல்லாம் கழித்துக் கட்டினார்கள். என்ஜினியர் நல்லவர், அவரவர் ஹெட்செட்டை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரப்பர் விண்டுபோயிருக்கிறது. மாட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தது நரைத்த தலை. பேசிப் பார்த்தேன், குரல் நரைக்கவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பர் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, வயரைச் செருகி இணைத்துவிடுவோம். லைனில் பேர் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் ஆபரேட்டர்களுக்குள் ஊர்தான் பேர். நான் கோவில்பட்டி. மதுரை ஒரு சிடுமூஞ்சி. சாத்தூருக்கு எப்போதும் ஜலதோஷம்.

அப்புறம் தென்காசி.

காலையில் வேலைக்கு உட்கார்ந்ததும் ஒவ்வொரு ஊர் லைனும் சரியாக இருக்கிறதா என்று பேசிப் பார்க்க வேண்டும். நான் எல்லா ஊரையும் முடித்துவிட்டுத் தென்காசியைக் கடைசியில்தான் எடுப்பேன். கடைசி என்றால் கொஞ்சம் நேரம் இழுக்கலாம்.

"ஹலோ தென்காசி, கேக்குதா?"

"கேக்குது கோவில்பட்டி. இங்க சாரல் விழுது. அங்க?"

"இங்க எங்க? மண்ணுதான் பறக்கு."

"இருங்க, அனுப்புதேன்" என்று கொம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். என் காதுக்குள் சோவென்று கேட்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது நான் உள்ளே நனைந்துகொண்டிருப்பேன்.

பின்னால் சூப்பர்வைசர் வந்து நின்றால் பேச முடியாது. அதற்கு ஆபரேட்டர்கள் ஒரு வழி வைத்திருந்தோம். டிரங்க் கால் எழுதும் பென்சிலால் கொம்பில் தட்டுவது. ஒன்று தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. மூன்று தட்டினால் பின்னால் ஆள் நிற்கிறது, பொறு என்று அர்த்தம். மூன்று தட்டியவர்தான் ஆள் போனதும் திரும்பக் கூப்பிட வேண்டும். கேட்டவர் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம். எங்களுக்குள் அது வேதவாக்கு.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன். நாளை தண்ணீர் வரும் நாள், சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டேன். சென்னைக்குக் கொண்டுபோனால் சுகந்தி பரணில் போடுவாள், அவள் மகன் கழற்றிப் பார்ப்பான். மியூசியத்தில் கண்ணாடிக்குள்ளாவது இருக்கட்டும்.

டீச்சர் அதைக் கையில் வாங்கியபோது துள்ளிவிட்டாள். "அன்னைக்கு இல்லைன்னீங்களேம்மா?" என்றாள். "தேடிப் பார்த்தேன், கிடைச்சிது" என்றேன். அவள் சிரித்தாள். கெட்டிக்காரி, மேற்கொண்டு கேட்கவில்லை.

கண்ணாடிக்குள் வைக்கப் போவதில்லையாம். மூடிய மில் ஒன்றிலிருந்து சின்ன டெலிபோன் போர்டு கிடைத்திருக்கிறது. எலக்ட்ரீசியனை வைத்து அதற்கு உயிர் கொடுத்து, ஹாலின் மறுகோடியில் தூணருகே ஒரு போன் வைக்கப் போகிறார்கள். பிள்ளைகள் அங்கே போனை எடுத்தால் இங்கே போர்டில் அழைப்பைக் காட்டும் குட்டி மூடி விழும், ஆபரேட்டர் பதில் சொல்லுவார்.

"ஆபரேட்டர் யாரு?"

"நீங்கதான். முப்பதாம் தேதி திறப்பு விழா. ஒரு நாள் மட்டும் வந்து உக்காருங்கம்மா."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 12, புதன்

பேப்பர்காரர் வந்து படம் எடுத்தார். நீலப் புடவை கட்டிக்கொண்டேன். மியூசியம் பற்றிய செய்தியில் என்னைப் பற்றியும் வருமாம். பழைய டெலிபோன் சாமான் வைத்திருப்பவர்கள் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும் என்றார். டீச்சர் தன் செல் நம்பரைச் சொன்னாள்.

"என் நம்பரைப் போடுங்க. லேண்ட்லைன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டெலிபோன் சாமானைப் பற்றி எனக்குத்தானே தெரியும், டீச்சருக்கு என்ன தெரியும் என்றேன். பேப்பர்காரர் எழுதிக்கொண்டார். தென்காசிப் பதிப்பிலும் வருமா என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். வரும் என்றார்.

ஜூன் 15, சனி

பேப்பரில் வந்துவிட்டது. 'முன்னாள் ஆபரேட்டர் தங்கபுஷ்பம்' என்று போட்டு, படத்தில் என்னைக் கொஞ்சம் குண்டாகவும் காட்டியிருக்கிறார்கள். இன்று கடைக்குப் போகவில்லை. போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தேன்.

மூன்று அழைப்பு வந்தது. ஒன்று சுகந்தி: "பேப்பர்ல எதுக்கும்மா வீட்டு நம்பரைக் குடுத்தே?" இன்னொன்று, பழைய போனை எடைக்கு எடுப்பீங்களா என்று ஒருத்தன். மூன்றாவது, கேஸ் கம்பெனி என்று நினைத்துக் கூப்பிட்ட அம்மாள். சிலிண்டர் வரவில்லை என்று அழுதாள். அவளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

குரல் கேட்டால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். ஆயிரம் பேர் பேசினாலும் அந்தக் குரலைப் பிரித்து எடுத்துவிடுவேன். 'கோவில்பட்டி' என்று சொல்லும்போது 'ட்டி'யைக் கொஞ்சம் அழுத்தி, அடியில் ஒரு சிரிப்பை வைத்துச் சொல்லுவார்.

ஜூன் 16, ஞாயிறு

மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. "ஹலோ, யாரு பேசுறது?" மூச்சு விடுவது மட்டும் கேட்டது, ஊதல் மாதிரி, சீக்கு வந்த கோழி மாதிரி. கட் பண்ணவும் இல்லை. அப்புறம் சோவென்று ஒரே இரைச்சல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா? பேசத் தெரியாதவன் போனை எதுக்குய்யா தொடுதே?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

மழை இரைச்சல் மாதிரி இருந்தது. கோவில்பட்டியில் ஏது மழை. கேபிளில் கோளாறு.

ஜூன் 17, திங்கள்

கம்ப்ளைன்ட் கொடுத்தேன். லைன்மேன் வந்து பார்த்தார். லைன் பளிங்கு மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 20, வியாழன்

யாரும் கூப்பிடவில்லை. பரணிலிருந்த பாத்திரங்களை எடைக்குப் போட்டேன். முதுகு வலி.

இன்று மனசு சரியில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

ஒரு தடவை தென்காசிக்காரருக்குக் கடலைமிட்டாய் அனுப்பினேன். கிளி படம் போட்ட தகர டப்பாவில், தென்காசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, 'ஆபரேட்டர், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்' என்று மட்டும் எழுதி. மூன்றாம் நாள் அதே கண்டக்டர் ஒரு பையைக் கொண்டுவந்தார். உள்ளே கறுப்புச் சிவப்பாக உருண்டை உருண்டையாக என்னவோ. நான் தோலோடு கடித்துவிட்டேன். வாயெல்லாம் கசந்தது. மறுநாள் லைனில் "என்ன கொடுமை இது தென்காசி?" என்று கேட்டால் அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. மங்குஸ்தானாம், குற்றாலத்துப் பழம். தோலை உடைத்து உள்ளே உள்ள வெள்ளைச் சுளையைத் தின்ன வேண்டுமாம். "நேர்ல இருந்தா உடைச்சிக் குடுத்திருப்பேன்" என்றார். அன்றைக்கு நான் இணைத்த டிரங்க் காலெல்லாம் தப்பு நம்பருக்குப் போனது.

முகம் பார்த்ததில்லை. பேர் தெரியாது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம்தான், போனதில்லை. போயிருந்தால் என் அப்பா காலை ஒடித்திருப்பார்.

எக்ஸ்சேஞ்சை மாற்றிய கடைசி நாள். ஒவ்வொரு ஊராகப் பேசி லைனை விடுவிக்க வேண்டும். நான் தென்காசியைக் கடைசியில் வைத்திருந்தேன். எடுத்ததும் அவர் வழக்கமான சிரிப்பு இல்லாமல் கேட்டார்: "கோவில்பட்டி, நான் அங்க வரட்டுமா? உங்க வீட்டுக்கு வந்து பேசட்டுமா?"

ஒன்று தட்ட வேண்டும். பென்சிலைத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர், என்ஜினியர், எல்லோரும் மாலையும் லட்டுமாக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கை பழக்கத்தில் மூன்று தட்டிவிட்டது. பின்னால் ஆள் நிற்கிறது, பொறு. அடுத்து ஒன்று தட்டுவதற்குள் என்ஜினியர் சிரித்துக்கொண்டே லைனைப் பிடுங்கிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் லட்டு சாப்பிட்டேன்.

அவர் எப்படியும் வருவார் என்று இருந்தேன். ஒரு வருஷம் பார்த்தேன். அப்பா மாப்பிள்ளை பார்த்தார், கல்யாணம் நடந்தது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஏன் வரவில்லை என்பது மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. வந்திருந்தால் என் பதில் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலே போய்விட்டாரே என்பதுதான் என் ஏக்கம் எல்லாம். வேறு எதுவும் வேண்டாம். சென்னைக்குப் போவதற்குள் அந்த ஒற்றைப் பதிலைச் சொல்லிவிட்டால் போதும்.

ஜூன் 22, சனி

எலக்ட்ரீசியன் ஹெட்செட்டுக்குப் புது வயர் போட்டிருக்கிறார், மாட்டிப் பார்க்க வாருங்கள் என்று டீச்சர் கூப்பிட்டாள். போனால் அவள் யாரோ அதிகாரியோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி, வெள்ளை வேட்டி, மடியில் துணிப்பை. இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நீங்களும் சாமான் குடுக்க வந்தீங்களா சார்?" என்றேன். அவ்வளவுதான், அந்த மனிதர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பயந்துட்டீங்களா? என் குரல் கொஞ்சம் கணீர்னு இருக்கும். எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. பேசிப் பேசியே பொழச்சவ."

பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது, புரை விழுந்திருக்கும். துண்டை விலக்கித் தொண்டையைக் காட்டினார். பள்ளமாக ஒரு ஓட்டை. எனக்கு அய்யோ என்றாகிவிட்டது. ஆபரேஷன். பேச்சு போய்விட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்து எழுதத் தொடங்கினார். கை உதறியதில் எழுத்தே விழவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்குள் டீச்சர் கூப்பிட்டுவிட்டாள். "சிரமப்படாதீங்க சார், இருக்கட்டும். உடம்பைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் எழுந்து நின்றார். திரும்பி வந்தபோது பெஞ்சில் ஆளில்லை.

ஹெட்செட் வேலை செய்கிறது. என் குரல் என் காதிலேயே கேட்டது.

ஜூன் 23, ஞாயிறு

அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனது சரியில்லை. எழுதி முடிக்கும் வரை இருந்திருக்கலாம்.

ஜூன் 25, செவ்வாய்

போர்டைத் துடைத்து வைக்கப் போனேன். பக்கத்து மேஜையில் புதிதாக வந்த சாமான்கள். அதில் ஒரு கடலைமிட்டாய் டப்பா. மூடியில் கிளி. சிவப்பு மூக்கு மட்டும் அழியாமல் இருக்கிறது.

"சனிக்கிழமை வந்தாரே, பேச முடியாதவர், அவர் குடுத்ததும்மா" என்றாள் டீச்சர். "நம்ம ஊர் டப்பா நம்ம ஊருக்கே வரட்டும்னு எழுதிக் காட்டினார். உள்ள ஒரு துண்டுப் பென்சில். அதை எடுத்துறக் கூடாதுன்னு ரெண்டு தடவை எழுதினார்."

சீட்டில் பெயர் போட்டிருந்தது. குத்தாலிங்கம், இலஞ்சி.

அந்த மிட்டாய்க் கடைக்காரர் வருஷத்துக்கு எத்தனை கிளி டப்பா விற்றிருப்பார். எந்த வீட்டில் இல்லை அது? பென்சில்தான் யார் வீட்டில் இல்லை? குத்தாலிங்கம் என்ற பேரில் எனக்கு யாரையும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் குரலுக்கு ரயிலே நிற்கும். ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க மாட்டார்.

இலஞ்சி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தென்காசிக்குப் பக்கத்தில்தானாம்.

"அவர் திறப்பு விழாவுக்கு வாராரா?"

"தெரியலைம்மா. அழைப்பிதழ் குடுத்தேன். ஏன், தெரிஞ்சவரா?"

"இல்லை, சும்மா கேட்டேன்" என்றேன். மூடியை மறுபடியும் துடைத்தேன். அதில் தூசி இல்லை.

ஜூன் 28, வெள்ளி

பெட்டி கட்டியாகிவிட்டது. லேண்ட்லைன் சரண்டருக்குத் திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

'பேசத் தெரியாதவன் போனை எதுக்குய்யா தொடுதே.'

சாப்பிட முடியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எப்படியும் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையிலிருந்தே மியூசியத்தில் கூட்டம். நீலப் புடவை. போர்டின் முன் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன். காதில் துண்டுப் பென்சில். அது என்னுடையது இல்லை. டீச்சரிடம் கேட்டு, கிளி டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

என் முகம் போர்டைப் பார்த்து, முதுகு ஹாலைப் பார்த்து. தூணருகே யார் போனை எடுக்கிறார்கள் என்று தெரியாது. மூடி விழும், நான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "ஹலோ, கோவில்பட்டி" என்பேன். அந்தப் பக்கம் கிளுகிளுவென்று சிரிப்பார்கள். ஒருத்தி பாட்டுப் பாடினாள். ஒரு போலீஸ்காரர் போனை எடுத்து வெட்கப்பட்டு வைத்துவிட்டார். பேச்சு கேட்டுக் கேட்டு எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒவ்வொரு மூடி விழும்போதும் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மூடி விழுந்தது.

"ஹலோ, கோவில்பட்டி."

பதில் இல்லை. பின்னால் சனத்தின் இரைச்சல், நடுவே ஊதல் மாதிரி ஒரு மூச்சு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கொம்பை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, அந்தக் காலத்தில் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டேன்.

"ஹலோ தென்காசி, கேக்குதா?"

டொக். டொக். டொக்.

பின்னால் ஆள் நிற்கிறது, பொறு. அவர் பின்னால் ஊரே நின்றது.

காதிலிருந்து பென்சிலை எடுத்தேன். சின்னத் துண்டு, விரலுக்கு அடங்கவில்லை. என் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள், டீச்சர் நின்றாள், பேப்பர்காரர் நின்றார். இந்தத் தடவை பழக்கம் என்னை ஏமாற்றவில்லை. கொம்பில் தட்டினேன்.

ஒன்று.

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்து தொங்கும் சத்தம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். கழுத்தில் வெள்ளைத் துண்டு. பிள்ளைகள் வழி விட்டார்கள். பெஞ்சில் பார்த்தவர்தான், இதுதான் தென்காசியின் முகமா என்று இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நீளமான மூக்கு, நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் கண். பேசினால் எப்படி இருப்பார் என்று தெரியும், பேசாமல் இருந்தால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதே.

"ஏன் வரலை தென்காசி?" என்றுதான் முதலில் கேட்டேன். எத்தனையோ இருக்க இதுதான் வந்தது.

நோட்டை எடுத்தார். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தவில்லை. நின்று எழுதினார், கை உதறவில்லை. திருப்பிக் காட்டினார்.

'நீங்க மூணு தட்டினீங்க. தட்டினவங்கதானே திரும்பக் கூப்பிடணும்? பொறுத்துக்கிட்டு இருந்தேன்.'

நான் அவர் வருவார் என்று இருந்தேன். அவர் நான் கூப்பிடுவேன் என்று இருந்திருக்கிறார். எங்கள் வேதவாக்கை இரண்டு பேரில் அவர் மட்டும் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால், ஹெட்செட்டோடு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பேப்பர்காரர் படம் எடுக்கப் போனார், டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

அவர் இன்னொரு தாளில் எழுதினார்.

'அன்னைக்குப் போன்ல சாரல் கேட்டுச்சா?'

"கேட்டுச்சு" என்றேன். "கேட்டும் திட்டினேன்."

அவர் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. ஆனால் அடியில் எனக்குத் தெரிந்த அந்தச் சிரிப்புதான்.

பெஞ்சில் அந்தி வரை உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. பெரும்பாலும் நான்தான் பேசினேன். கடைசி பஸ்ஸுக்கு ஏறும் முன், நோட்டுத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். வீட்டு விலாசம். கீழே, 'மங்குஸ்தான் சீசன்.'

ஜூலை 1, திங்கள்

சுகந்தியைக் கூப்பிட்டு, நாளைய டிக்கெட்டைத் தள்ளிப் போடு என்றேன். "ஏம்மா? எங்க போறே?" என்று கத்தினாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் பளிங்கு மாதிரி இருந்தது.

லேண்ட்லைனை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூலை 2, செவ்வாய்

காலை பஸ். தென்காசி போர்டு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குடை எடுத்துக்கொள்ளவில்லை.